அக்காடியப் பேரரசு

அக்காடியப் பேரரசு (ஏறத்தாழ கி.மு. 2334–2154): யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகளின் சமவெளியில், இன்றைய ஈராக்கை மையமாகக் கொண்டு எழுந்த தொடக்ககாலப் பேரரசு. உருக் மன்னன் லுகல்சாகேசியை வென்ற சார்கோன், தனித்தனி அரசுகளாக இயங்கிய சுமேரிய நகரங்களை ஒரே ஆட்சியின்கீழ்க் கொணர்ந்தான். நகரங்களில் அக்காடிய ஆளுநர்களை அமர்த்தினான். மகள் என்ஹெடுவன்னாவை ஊர் நகரத்து நிலாக்கடவுள் கோயிலின் தலைமைப் பூசாரியாக்கினான். ஆப்பெழுத்தில் எழுதப்பட்ட அக்காடிய மொழி ஆட்சிமொழியாயிற்று. பேரன் நராம்-சின் காலத்தில் பேரரசு உச்சம் தொட்டது. அவன் ‘நாற்றிசை மன்னன்’ எனப் பட்டம் சூடி, கடவுள் நிலைக்கும் உரிமை கொண்டாடினான்.

நகரக் கிளர்ச்சிகள், அரியணைப் போட்டி, சாக்ரோஸ் மலைக் குத்தியரின் படையெடுப்பு ஆகியவை பேரரசைச் சிதைத்தன. கி.மு. 2200 அளவில் தொடங்கிய நெடிய வறட்சி, மானாவாரிச் சாகுபடியை நம்பிய வடபகுதியை நலிவித்தது என்பர் ஆய்வாளர் சிலர். பின்னர் ஊர்-நம்மு நிறுவிய மூன்றாம் ஊர் அரசமரபு தென் மெசொப்பொத்தேமியாவை மீண்டும் ஒன்றிணைத்தது.