'வி' எழுத்து எங்கே போனது? அக்செஸும் பேஸும்

வடமராட்சியில் ஒரு சனசமூக நிலைய வாசிகசாலை. அங்கத்தவர் பட்டியல் ஒரு எக்செல் கோப்பில், இரவல் பதிவேடு இன்னொன்றில். இரண்டையும் வெளி அட்டவணைகளாகத் தரவுத்தள மென்பொருளில் தொடுத்து, எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று காட்டித்தருவதாக ஒப்புக்கொண்டேன். அங்கத்தவர் கோப்பை லிப்ரேஒபிஸ் பேஸில் தொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. நூலகர் அக்காதான் கண்டுபிடித்தார்: "தம்பி, பழைய ஆக்களின்ரை ஐடென்ரிகாட் நம்பர் ஒண்டையும் காணேல்லை."

அதே கோப்பைப் பிறகு மைக்ரோசொப்ட் அக்செஸிலும் தொடுத்தேன். அங்கே பழைய அங்கத்தவர்களின் கட்டங்களில் '#நம்!' என்ற பிழைக்குறி வரிசையாக நின்றது.

நோய் ஒன்றுதான். நமது பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் 9 எண்களும் கடைசியில் 'வி' அல்லது 'எக்ஸ்' எழுத்தும் இருக்கும். 2016இல் வந்த புதிய அட்டையில் 12 எண்கள் மட்டுமே, எழுத்து இல்லை. ஆகவே எக்செல் பழையதை எழுத்தாகவும் புதியதை எண்ணாகவும் வைத்துக்கொள்கிறது. தரவுத்தளமோ ஒரு நிரலுக்கு ஒரே வகையைத்தான் ஏற்கும். எந்த வகை என்பதை இரண்டு மென்பொருள்களும் தாமே ஊகிக்கின்றன. அக்செஸ் வழக்கமாக முதல் 8 வரிகளைப் பார்த்து, பெரும்பான்மை எதுவோ அதை எடுக்கும். பேஸ் அந்த நிரலில் முதலாவதாக நிரம்பியிருக்கும் கட்டத்தை மட்டும் பார்க்கும். எங்கள் பட்டியலின் தலைமாட்டில் இருந்தவர்கள் எல்லோரும் இளையவர்கள். நிரல் எண்ணாகிவிட்டது, 'வி' வைத்திருந்த பெரியவர்கள் வெளியே நின்றார்கள்.

பட்டியலின் தலையில் ஒரு பழைய அங்கத்தவர் இருந்திருந்தால் பேஸ் நிரலை எழுத்தாக எடுத்து, புதிய எண்களையும் எழுத்தாக மாற்றிக் காட்டியிருக்கும், எவரும் தொலைந்திருக்கமாட்டார்கள். அக்செஸ் அந்தப் பக்கமும் பிடிவாதம்: பெரும்பான்மை எழுத்தானால் எண்களுக்குப் பிழைக்குறி. இதில் பேஸ் தாராளமானது. ஆனாலும் பிழை பிடிப்பவனாக நான் அக்செஸின் பக்கம்தான். '#நம்!' கண்ணில் குத்துகிறது; பேஸின் வெற்றுக் கட்டமோ, அந்த அங்கத்தவர் அடையாள அட்டையே தரவில்லை என்று சொல்கிறது. அக்கா அன்று பார்த்திராவிட்டால் நான் அதை நம்பியிருப்பேன்.

மருந்து மூலக்கோப்பில்தான். நிரலை 'எழுத்து' வடிவத்துக்கு மாற்றினால் மட்டும் போதாது, முன்பே தட்டிய எண்கள் எண்ணாகவே கிடக்கும். ஒவ்வொன்றையும் மறுபடி உள்ளிட வேண்டும், அல்லது எக்செலின் 'எழுத்தை நிரல்களாக்கு' வசதியால் ஒரேயடியாக மாற்ற வேண்டும். யாழ்ப்பாணத் தொலைபேசியின் 021இல் முதல் சுழியும் இப்படித்தான், எக்செலிலேயே உதிர்ந்துவிடுகிறது.

காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பைத் தொடுக்கும்போது சிக்கல் வேறு. அக்செஸின் தொடுப்பு வழிகாட்டியில் 'மேம்பட்டவை' பொத்தானுக்குள் போய் 65001 என்ற குறிப்பக்கத்தைத் தேர்ந்தால்தான் யுனிகோட் தமிழ் தமிழாக வரும். தவறினால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கோடிட்ட ஆங்கில 'ஏ' எழுத்தும் ஏதோ குறிகளுமாகச் சிதறும். பேஸில் எழுத்துத் தொகுதியை இணைப்பை அமைக்கும்போதே தேர்ந்துவிடலாம். ஆனால் பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளை இரண்டுமே காப்பாற்றமாட்டா. அவற்றின் உள்ளே இருப்பது அரைப்புள்ளிகள் இறைந்த ஆங்கில எழுத்துகள். யுனிகோட் பெயரோடு ஒப்பிட்டால் ஒரு வரியும் பொருந்தாது. முதலில் மாற்றிவிட்டே தொடுக்க வேண்டும்.

கோப்பை இடம் மாற்றினாலும், பென் டிரைவின் எழுத்து மாறினாலும் இரண்டிலும் தொடுப்பு அறும். அக்செஸில் தொடுத்த அட்டவணை மேலாளரிலும் பேஸில் தரவுத்தளப் பண்புகளிலும் புதிய பாதையைக் கொடுத்தால் தீர்ந்தது.

எக்செல் தொடுப்பு இரண்டிலும் வாசிப்புக்கு மட்டும். அக்செஸில் முன்னர் திருத்தவும் முடிந்தது. கௌதமாலாவைச் சேர்ந்த கார்லோஸ் அமாடோ தொடுத்த காப்புரிமை வழக்கில் 2005இல் மைக்ரோசொப்ட் தோற்றபின் அந்த வசதி எடுக்கப்பட்டது.

எங்கள் வேலையை உண்மையில் தீர்மானித்தது இன்னொரு வேறுபாடு. அக்செஸ் பல கோப்புகளிலிருந்து அட்டவணைகளைத் தொடுத்து ஒரே வினவலில் சேர்க்கும். பேஸின் ஒரு கோப்பு ஒரே மூலத்தோடுதான் இணையும். விரிதாளை நேரடியாகத் தொடுத்தால் ஒரு வினவலுக்கு ஒரு அட்டவணைக்கு மேல் ஆகாது. அங்கத்தவரையும் இரவலையும் அங்கே சேர்க்கவே முடியாது. ஆனால் அக்செஸுக்கு உரிமம் வாங்க வேண்டும், நிலையத்திடம் அதற்குக் காசில்லை. எனவே தொடுப்பைக் கைவிட்டு, இரண்டு அட்டவணைகளையும் பேஸின் உள்தரவுத்தளத்துக்குள் பிரதிசெய்தோம். அங்கே சேர்ப்பு வினவல் ஓடுகிறது. எக்செலில் மாதந்தோறும் சேரும் பெயர்களை அக்கா கையால் மறுபடி பிரதிசெய்கிறார். செய்து முடித்ததும் அடையாள அட்டை நிரல் வெறுமையாக உள்ள வரிகளை எண்ணி, பழைய தடித்த அங்கத்தவர் பதிவேட்டில் அட்டை இலக்கம் இல்லாதவர்களின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்க்கிறார்.