துவக்கும் வளையமும்: பறவையறிஞர் சலீம் அலி

நீர்வேலியில் வாழைத் தோட்டங்களின் ஓரமாக நிற்கும் பனைகளை அண்ணாந்து நோக்கினால், ஓலை நுனிகளிலே தூக்கணாங்குருவிக் கூடுகள் காற்றில் ஆடுவதைக் காணலாம். அவற்றுட் சில முற்றுப்பெற்றவை. கீழ்நோக்கிய நீண்ட குழல் போன்ற வாயிலை உடையவை. வேறு சிலவோ பாதியிற் கைவிடப்பட்டுக் கவிழ்த்த தொப்பி போலத் தொங்கும். இந்த அரைகுறைக் கூடுகள் எதற்கு என்று வினவினால், ஆண் குருவி ஊஞ்சலாடுவதற்கு என்பார் ஒருவர். மழைக்கு ஒதுங்குவதற்கு என்பார் மற்றொருவர். கூட்டினுள்ளே களிமண்ணை அப்பி, அதிலே மின்மினியைப் பதித்துக் குருவி விளக்கேற்றும் என்று பாட்டிமார் கூறுவர். குரங்குக்குப் புத்தி சொல்லித் தன் கூட்டை இழந்த குருவியின் கதையையும் நாம் பாடசாலையிலே படித்திருக்கிறோம். இவ்வளவு தெரிந்த நமக்கு, அரைகுறைக் கூட்டின் காரணம் மட்டும் தெரியாதிருந்தது.

அதனை ஆராய்ந்து கண்டவர் சலீம் அலி. 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயிற் பிறந்து, 1987ஆம் ஆண்டிலே தொண்ணூறு வயது நிரம்பியவராய் அந்நகரிலேயே காலமானவர். பறவைகளின் பாதுகாவலர் என்று அவரைப் பாரத நாடு போற்றியது. அவர் தகுதி பற்றி ஐயமில்லை. ஆயினும், அந்தப் பாதுகாவலர் கையிலே துவக்கேந்தி வளர்ந்தவர் என்பதையும், தம் வாழ்நாளிற் பெருந்தொகையான பறவைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்பதையும் விட்டுவிட்டு அவரை நினைப்பது பொருந்தாது. 1985ஆம் ஆண்டில் வெளிவந்த சுயசரிதையிலே அவரே இதனை ஒளியாது எழுதியிருக்கிறார். அந்நூலின் பெயரிலேயே ஒரு குருவி வீழ்கிறது.

இளமையிலேயே தாய் தந்தையரை இழந்த சலீமை வளர்த்தவர் மாமனார் அமிருதீன் தியாப்ஜி. அவர் வேட்டையிற் பெருவிருப்புடையவர். வீட்டுச் சிறுவர்களுக்குக் காற்றுத் துவக்கும் குருவி வேட்டையுமே விளையாட்டு. நம்மூர்ப் பிள்ளைகள் கெற்றப்போலுடன் திரிவதைப் போன்றதே அது. ஒருமுறை, சுவர்ப் பொந்திலே கட்டிய கூட்டின் வாயிலில் ஓர் ஆண் குருவி காவலிருக்கக் கண்டார் சலீம். குதிரை வண்டியின் மறைவில் நின்று அதனைச் சுட்டார். சிறிது நேரத்திலே பெட்டைக்கு வேறோர் ஆண் துணை வந்து அதே இடத்திற் காவலிருந்தது. அதனையும் சுட்டார். ஏழு நாளில் எட்டு ஆண் குருவிகள் இவ்வாறு மாண்டன. ஒவ்வொரு முறையும் இன்னொன்று வந்து சேர்ந்தது. செய்தவன் பத்து வயதுச் சிறுவன், செயலோ கொடியது. ஆனால் அச்சிறுவன் கண்டதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தான் என்பதே இங்கே கவனிக்கத்தக்கது. பல்லாண்டுகள் கழித்து, பறவை நோக்குவோருக்கான ஏடொன்றிலே அந்தக் குறிப்பு அச்சேறியது. வெறும் வேட்டைக்காரன் எண்ணிக்கையோடு நின்றிருப்பான். இவன் அடுத்த குருவி எங்கிருந்து வந்தது என்று கேட்டான்.

அதன்பின் 1908ஆம் ஆண்டளவில், அவர் சுட்ட குருவியொன்றின் கழுத்திலே மஞ்சட் பொட்டு இருந்தது. இது சாதாரணக் குருவியன்று. உண்பதற்கு விலக்கப்பட்டதோ என்னும் ஐயம் எழுந்தது. முசிலிம் குடும்பத்துப் பிள்ளையாதலால் அக்கேள்வி இயல்பானதே. மாமனார் அதனைத் தீர்க்கமாட்டாது, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லர்டு துரைக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். 1883ஆம் ஆண்டிற் தோன்றிய அச்சங்கம் அக்காலத்தில் ஒரு மது வியாபாரக் கம்பனியின் கட்டடத்திலே இயங்கிவந்தது. அங்கே மில்லர்டு துரை குருவியின் பெயரைச் சொன்னதோடு அமையாது, அலுமாரிகளைத் திறந்து, பாடஞ்செய்த பறவைகளை வரிசை வரிசையாகக் காட்டினார். உண்ணலாமா என்று கேட்கச் சென்ற சிறுவன் இத்தனை வகையா என்று வியந்து திரும்பினான்.

இங்கே ஒன்றை விளக்குதல் வேண்டும். நல்ல தொலைநோக்குக் கண்ணாடியும் நிழற்படக் கருவியும் எளிதிற் கிட்டாத காலத்தில், பறவையைத் திட்டமாக இனங்காண்பதற்கு அதனைக் கையில் எடுத்தேயாக வேண்டியிருந்தது. தோலை உரித்து, பூச்சி அரியாதபடி நஞ்சு தடவி, பஞ்சு திணித்து, இடமும் நாளும் எழுதிய சீட்டைக் காலிற் கட்டி நூதனசாலைக்கு அனுப்புவர். நம் ஈழத்திலும் இதுவே வழக்கம். 1868 முதல் 1877 வரை இலங்கையிற் பணிபுரிந்த பீரங்கிப்படை அதிகாரி லெக் என்பார், துவக்கும் குறிப்பேடுமாக நாடெங்கும் திரிந்தே 1880இல் நிறைவெய்திய தம் இலங்கைப் பறவைகள் வரலாற்றுப் பெருநூலை ஆக்கினார். சலீம் அலி 1931இல் ஐதராபாத்திலும், 1933இல் திருவிதாங்கூர், கொச்சிச் சமத்தானங்களிலும் பறவைக் கணிப்பு நடத்தியபோதும் முறை அதுவே. அவர் திரட்டியவற்றைச் சீமையிலிருந்து ஆராய்ந்து உதவியவர் விசுலர் என்னும் ஓய்வுபெற்ற பொலிசு அதிகாரி. இலங்கைப் பறவைகளின் கணிப்பை எழுதியவரும் அதே விசுலர்தான். அவர் மறைந்தபின், 1944ஆம் ஆண்டில் அது வெளிவந்தது.

இறந்த உடல்களைப் பெட்டியிலே சேர்த்து வைப்பதால் யாது பயன் என்று கேட்பார்க்கு ஒரு செய்தி சொல்லலாம். தமிழ்நாட்டு மேகமலையில் 1948ஆம் ஆண்டு ஒரு பழந்தின்னி வௌவால் பிடிக்கப்பட்டது. அது வேறோர் இனத்தின் பெயரோடு பம்பாய்ச் சங்கத்தின் பெட்டியிலே 24 ஆண்டுகள் கிடந்தது. 1972இல் தாய்லாந்து அறிஞர் ஒருவர் அதனைப் பார்வையிட்டு, உலகம் அறியாத புதிய பேரினம் என்று கண்டு, அதற்குச் சலீம் அலியின் பெயரையே சூட்டினார். அந்தப் பெட்டி இல்லையேல் அவ்விலங்கு உண்டென்பதே நெடுங்காலம் தெரிந்திராது. இதனைச் சொல்வதால் எல்லாக் கொலையும் நியாயமாகிவிடாது. இந்த வகையிலே சலீம் அலி உணர்ச்சிவசப்படாதவர். அறிவுக்காக எடுக்கும் அளவான உயிர்களையும், கூட்டமாகச் சென்று குவிக்கும் கொலையையும் அவர் வேறுபடுத்தியே நோக்கினார். அந்தக் கோட்டை அவர் கிழித்த இடத்தில் எல்லாரும் கிழிக்கமாட்டார்கள். இவ்வுரையாசிரியனும் சிறிது இப்பால் நின்றே கிழிப்பான்.

துவக்கின் துணையின்றி அவர் செய்த பேராராய்ச்சி வறுமையின் பயனாக வாய்த்தது. 1929ஆம் ஆண்டில் அவர் யேர்மனிக்குச் சென்று, பேர்லின் நூதனசாலையிலே இசுத்திரேசுமன் என்னும் பேராசிரியரிடம் பயின்றார். எலிகோலாந்துத் தீவிலே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுவதையும் கண்டார். மறு ஆண்டு திரும்பிவந்தபோது, பம்பாய் நூதனசாலையில் அவர் வகித்த உத்தியோகம் பணமுடையால் நீக்கப்பட்டிருந்தது. வேலையற்ற அவர், மனைவி தெகுமினாவின் குடும்பத்தாருக்குக் கிகீம் என்னும் கடலோரக் கிராமத்திலிருந்த வீட்டிலே குடியேறினார். அயலில் ஒரு மரம். மரத்திலே தூக்கணாங்குருவிக் குடியிருப்பு. செய்யத் தொழிலில்லை, நோக்கப் பறவைகள் உண்டு. 1930ஆம் ஆண்டு மழைக்காலம் முழுவதும் மறைவிலிருந்து அவற்றை நோக்கினார்.

கண்டது இது. கூடு கட்டுபவன் ஆண். பாதி கட்டியதும், பெட்டைகள் வந்து கூட்டினுட் புகுந்து, இழுத்தும் கொத்தியும் சோதிக்கின்றன. பெட்டைக்குப் பிடித்துவிட்டால் அது அங்கே குடியேறும். அதன்பின்னரே ஆண் முட்டையறையையும் குழல் வாயிலையும் கட்டி முடிக்கும். முடித்த கையோடு அயலிலே அடுத்த கூட்டைத் தொடங்கி, வேறொரு பெட்டையை எதிர்பார்க்கும். ஒரு பெட்டையும் விரும்பாத கூடு பாதியிலேயே நின்றுவிடும். நீர்வேலிப் பனையிலே தொங்கும் தொப்பிக் கூடுகள் பெட்டைகளால் ஒதுக்கப்பட்ட வீடுகள்தாம்! வீடு வளவு பார்த்துப் பெண் கொடுக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று போலும். களிமண் அப்புவது மெய். மின்மினி விளக்குக்குச் சான்று கிடைக்கவில்லை. 1931இல் இக்கட்டுரை சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. அவருடைய பெயர் அறிஞருலகில் நிலைபெற்றது இதனாலேயே.

இனி வேட்டைக்காரரின் நிலமொன்று பறவைகளின் நிலமாய் மாறிய வரலாற்றுக்கு வருவோம். இராசபுத்தானத்துப் பரத்பூர் மகாராசாக்கள் தாழ்ந்த நிலத்துக்கு வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சி, வாத்து வேட்டைக்கென்றே ஒரு சதுப்பை ஆக்கினர். வைசிராய் லின்லித்கோ பிரபுவின் குழுவினர் அங்கே ஒரே நாளில் 4273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். அத்தொகையைக் கல்லிலே பொறித்து நாட்டியும் வைத்துள்ளனர். அந்த நாள் 1938 நவம்பர் 12. சலீம் அலி 42 வயது நிரம்பிய பிறந்தநாள். நாடு விடுதலை பெற்றபின், நீரை வயலுக்குத் திருப்பிச் சதுப்பை உழுநிலமாக்க வேண்டும் என்னும் கோரிக்கை வலுத்தது. பசித்த மக்கள் நிலம் கேட்டதிலே தவறில்லை. ஆயினும் சலீம் அலி பிரதமர் நேருவிடம் வாதாடிச் சதுப்பைக் காப்பாற்றினார். வேட்டைக்காரர் ஆக்கியிராவிடில் காப்பதற்கே அங்கு ஒன்றும் இருந்திராது என்பது வரலாற்றின் விந்தை.

அந்தக் கதையின் பிற்பகுதி கசப்பானது. சதுப்பு தேசியப் பூங்காவானபின், 1982ஆம் ஆண்டில் அயற் கிராமத்தாரின் எருமைகள் மேய்வதற்குத் தடை விதிக்கப்பட்டது. மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்பது சலீம் அலியின் கருத்துமாகும். கிராமத்தார் கிளர்ந்தெழுந்தனர், பொலிசார் சுட்டதிற் சிலர் உயிரிழந்தனர். அவருடைய சங்கமே நடத்திய நீண்ட ஆராய்ச்சி பின்னர் கண்டதோ வேறு. எருமைகள் மேயாது விட்டதால் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடிவிட்டது. நீர்ப்பறவைகளுக்கு அது கேடாயிற்று. எருமை பறவைகளுக்குத் துணைவன் என்பதை மேய்ப்பவன் அறிந்திருக்கக்கூடும். அவனை ஒருவரும் கேட்டிலர். சலீம் அலியின் பெருமையைச் சொல்லுவோர் பலரும் இப்பகுதியை விட்டுவிடுகின்றனர். தாமே கண்டதை எழுதிவைக்கப் பழகிய மனிதரின் வரலாற்றில் இதனை விடுதல் ஆகாது.

முதுமையில் அவர் துவக்கைவிட வளையத்தையே பெரிதும் நாடினார். எலிகோலாந்திலே கண்ட முறை முப்பதாண்டுகள் கழித்துக் கைகொடுத்தது. 1957ஆம் ஆண்டில் மைசூர்க் காடுகளில் ஒரு புதிய காய்ச்சல் குரங்குகளையும் மனிதரையும் கொன்றது. வலசைப் பறவைகள் அதனைக் கொணர்ந்தனவோ என்னும் ஐயம் எழவே, உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் அவர் பறவைகளுக்கு வளையமிடும் பெருந்திட்டத்தைத் தொடங்கினார். வலையிலே பிடித்த பறவையை அளந்து, காலில் இலேசான உலோக வளையம் பூட்டிப் பறக்க விடுவர். வேறொரு நாட்டில் அது அகப்படின், சென்ற வழி தெரியவரும். துவக்கு ஒரு பறவையை ஓரிடத்தில் நிறுத்திச் சொல்வதை, வளையம் அதன் பயணத்தோடு சேர்த்துச் சொல்லும். இந்த வேலைக்கும் பழி வந்தது. அமெரிக்கப் படைத்துறையின் பணம் அதிற் கலந்திருந்தமையால், 1970களில் இந்தியப் பாராளுமன்றம் வரை ஐயங்கள் கிளம்பின.

அவ்வாறு அவர் சிறப்பை எடுத்துரைத்த இடங்களுள் ஒன்று கோடிக்கரை. வேதாரணியத்து உப்புச் சதுப்பை அடுத்த அந்த முனைக்கும் நம் குடாநாட்டின் வடகரைக்கும் இடையே ஏறக்குறைய 60 கிலோமீற்றர்க் கடலே உள்ளது. 1967ஆம் ஆண்டிலே கோடிக்கரை சரணாலயமாயிற்று. பம்பாய்ச் சங்கத்தார் அங்கே நிலையம் அமைத்துப் பறவைகளுக்கு வளையமிட்டு வந்துள்ளனர். மாரி காலத்திலே பருத்தித்துறை வீதியால் வல்லைவெளியைக் கடப்போர் காணும் உள்ளான்களும் ஊசிவால் வாத்துகளும், மண்டைதீவுக் கடலிலும் சுண்டிக்குளத்திலும் நிற்கும் பூநாரைகளும் கடலுக்கு அக்கரையில் உள்ள அச்சதுப்பிலும் காணப்படும் இனங்களே. சுண்டிக்குளம் 1938இலேயே சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. பூநாரைக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை.

சலீம் அலியும் அமெரிக்க அறிஞர் தில்லன் இரிப்ளியும் இணைந்து 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட பறவைக் கைந்நூலிலே இந்தியா, பாக்கித்தான் முதலிய நாடுகளோடு இலங்கையின் பறவைகளும் அடங்கியுள்ளன. முதற்றொகுதி வெளிவந்தபோது அவருக்கு வயது 70 கடந்திருந்தது. அவர் மறைந்தபின் 1990இல், அவர் பெயரால் ஒரு பறவையியல் நிலையம் கோயம்புத்தூரை அடுத்து நிறுவப்பட்டது.

நேயர்கள் கரையோரத்திலோ வயலிலோ இறந்து கிடக்கும் பறவையொன்றைக் காண நேர்ந்தால், அதன் காலை ஒருமுறை பார்த்தல் நன்று. வளையமிருப்பின், அதில் இலக்கமும் அறிவிக்க வேண்டிய இடமும் பொறிக்கப்பட்டிருக்கும். பம்பாய்ச் சங்கத்தின் வளையமாயின் அச்சங்கத்தின் பெயரே இருக்கும். இலக்கத்தையும், கண்ட இடத்தையும், நாளையும் குறித்து அனுப்புதல் போதும்.