கொக்கி முனையில் பிழைத்த குடும்பங்கள்

வெண்ணூலால் கண் கண்ணாகப் பின்னிய வலைத்தொப்பியை அறியாத இல்லம் நம்மிடையே இல்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். அணிந்தால் தலைக்குக் காற்றோட்டமாக இருக்கும். துவைத்து உலர்த்தினால் மீண்டும் புதிது போலாகும். கையால் பின்னிய அத்தகைய தொப்பி ஒன்றை உற்று நோக்கின் ஓர் உண்மை புலப்படும். அதில் நெய்த துணி சிறிதும் இல்லை. ஒற்றை நூல், வளையத்துள் வளையமாக இழுக்கப்பட்டு, நடுவில் தொடங்கி விளிம்பு வரை சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. இவ்வேலையை நம் பெண்மக்கள் 'குரோஷா' என்பர்.

இதே கொக்கியாலும் இதே வளையத்தாலும் மேனாட்டு மகளிர் அணியும் மேற்சட்டைகளும் பின்னப்படுகின்றன. கையில்லாமல், முன்புறம் திறந்து, பூவும் இலையும் இடைவெளியுமாய் அமைந்த அச்சட்டையை இன்று நம் நகரத்துக் கடைகளிலும் காண்கிறோம். உள்ளே அணிந்த உடையின் நிறம் அதன் கண்களினூடே தெரிவதே அதற்கு அழகு. இத்தகைய பூப்பின்னல் ஆடை புகழ் பெற்ற நாடு அயர்லாந்து. அத்தொழில் அங்கே பெருகிய காலமோ, அந்நாட்டின் பெரும் பஞ்சக் காலம். அவ்வரலாற்றையும், அது நமக்கு உணர்த்தும் செய்தியையும் ஈண்டுக் காண்போம்.

சொல்லும் தொழிலும்

'குரோஷே' என்பது பிரெஞ்சுச் சொல். சிறு கொக்கி என்பது அதன் பொருள். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மகளிரிடையே 'தம்பூர்' வேலை பரவியிருந்தது. வட்டச் சட்டத்தில் துணியை முரசுத்தோல் போல் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் இடுவது அவ்வேலை. நம் நாட்டு ஆரி வேலையும் இவ்வினத்ததே. 'தம்பூர்' என்றால் பிரெஞ்சில் முரசு. இச்சொல்லுக்கும் 'துன்பூர்' என்னும் அரபு இசைக்கருவிப் பெயருக்கும் உறவு காட்டுவர் மொழிநூலார். துணியை அகற்றிவிட்டு, வெறும் நூலிலேயே அச்சங்கிலியைப் பின்னத் தொடங்கியபோது குரோஷா பிறந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1820களில் ஹாலந்து நாட்டில் வெளிவந்த 'பெனலோப்பே' என்னும் மகளிர் இதழில் இதன் மாதிரிகள் அச்சாயின. ஆகவே இக்கலையின் எழுத்துச் சான்றுக்கு இரு நூற்றாண்டு வயதே ஆகிறது.

இத்தொழிலுக்கு உரிய பொருளாகிய பருத்தியின் பெயரிலும் அரபு மொழி கலந்திருக்கிறது. அரபியில் பருத்திக்கு 'குத்ன்' என்று பெயர். அச்சொல்லே ஸ்பெயின் முதலிய நாடுகளின் வழியே சென்று ஆங்கிலத்தில் 'காட்டன்' ஆயிற்று. பண்டமும் பெயரும் ஒருசேரக் கடல் கடந்தன எனலாம்.

இனித் தொழிலின் நுட்பத்தைச் சிறிது நோக்குவோம். இரு ஊசிகளைக் கொண்டு கம்பளிச் சட்டை பின்னுகையில் ஒரு வரிசை முழுவதற்கும் உரிய கண்ணிகள் ஊசியின்மேல் ஏறி நிற்கும். ஊசி நழுவினால் அத்தனையும் அவிழும் நிலையில் இருக்கும். குரோஷாவிலோ ஒரு கண்ணி முற்றுப் பெற்ற பின்பே அடுத்தது தொடங்கும். கொக்கியில் எஞ்சி நிற்பது பெரும்பாலும் ஒரே வளையம். அடுப்பில் பால் பொங்கினாலும், தொட்டிலில் குழந்தை அழுதாலும், வேலையை அப்படியே வைத்துவிட்டு எழலாம். திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரலாம். தறி வேண்டாம், சட்டம் வேண்டாம், தனி அறையும் வேண்டாம். விலையுயர்ந்த பழைய லேஸ் வகைகளுக்குத் திண்டும், பல நூல் கட்டைகளும், நீண்ட பயிற்சியும் தேவைப்பட்டன. குரோஷாவுக்கு ஒரு கொக்கியும் ஒரு நூலுருண்டையும் போதும். அயர்லாந்தின் ஏழை மகளிர் விறைத்த கம்பியின் நுனியை அராவி வளைத்து, மரத்துண்டிலோ தக்கையிலோ செருகித் தமக்கு வேண்டிய கொக்கியைத் தாமே செய்துகொண்டனர்.

பஞ்சம் வந்த விதம்

1845ஆம் ஆண்டில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குச் செடிகளை ஒரு கருகல் நோய் தாக்கியது. ஏழை உழவர் குடும்பங்களுக்கு உருளைக்கிழங்கே மூன்று வேளை உணவு. அடுத்த ஆண்டு நோய் நாடெங்கும் பரவியது. பசியும், பசியின் பின்னே வந்த காய்ச்சலும் 1852 வரை மக்களை வாட்டின. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் நாட்டை விட்டுக் கப்பலேறினர். 1841இல் ஏறக்குறைய 82 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் 65 இலட்சமாகக் குறைந்தது. மக்கள் பசியால் மாண்ட அவ்வாண்டுகளிலும் அந்நாட்டிலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின என்பதை வரலாறு மறைக்கவில்லை.

உலகின் பல மூலைகளிலிருந்தும் உதவி சென்றது. உதுமானிய சுல்தான் அப்துல் மஜீத் 1847இல் 1,000 பவுன் அனுப்பினார். கல்கத்தாவிலும் நிதி திரட்டப்பட்டது. இவ்வுதவிகள் பல உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும், வந்த கஞ்சி தீர்ந்த மறுநாளும் அடுப்பு எரிய வேண்டுமே! அதற்குக் கூலி தரும் வேலை ஒன்று வீட்டுக்குள்ளேயே தேவைப்பட்டது.

கார்க் நகரை அடுத்த பிளாக்ராக்கில் உர்சுலின் கன்னிமாடத்துத் துறவியர் 1840களில் ஏழைச் சிறுமியர்க்கு இவ்வேலையைக் கற்பித்தனர். 1847இல் சூசன்னா மெரெடித் என்னும் பெண்மணி கார்க் நகரில் அடிலெய்டு பள்ளியைத் தொடங்கினார். அவரே பின்னர் 1865இல் லேஸ் பின்னும் மகளிரைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். கில்டேர் மாவட்டத்துத் தார்ன்டனில் திருமதி ராபர்ட்ஸ் என்பவர் ஏழைப் பெண்களுக்கு இத்தொழிலைப் பயிற்றுவித்தார். வடக்கே மொனகன் மாவட்டத்துக் குளோனிஸ் ஊரின் குருவானவருடைய துணைவியார் கசாண்ட்ரா ஹேண்ட், அவரிடமிருந்து ஓர் ஆசிரியையை வரவழைத்துத் தம் ஊரில் தொழிலைத் தொடங்கினார். லண்டனில் எலியனோர் ரியேகோ என்னும் பெண்மணி வெளியிட்ட மாதிரி நூல்கள் எங்கும் பரவின. அவர் தாய்வழியில் ஐரிஷ் குருதி உடையவர். கத்தோலிக்கத் துறவியரும் புராட்டஸ்டண்டுக் குருவின் மனைவியும் கொள்கையால் வேறுபட்டவர்கள். பசித்தவர் கையில் கொக்கியைக் கொடுப்பதில் மட்டும் இரு சாராரும் ஒரே வழியில் நடந்தனர்.

ஆடை உருவாகும் முறை

ஐரிஷ் குரோஷாவில் ஆடையை அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராகப் பின்னிச் செல்வதில்லை. முதலில் ரோசா, முக்கூறு இலை, திராட்சைக் கொத்து முதலிய உருவங்களைத் தனித்தனியே பின்னுவர். உருவம் தட்டையாகாமல் புடைத்து நிற்கும்பொருட்டுப் பருத்த நூல் ஒன்றை உள்ளே வைத்து, அதன்மேல் கண்ணிகளை நெருக்கமாக ஏற்றுவர். பின்னர்ச் சட்டையின் முழு அளவையும் துணியிலோ தாளிலோ வரைந்துகொண்டு, உருவங்களை முகம் கீழாகக் கவிழ்த்து, அவ்வரைபடத்தின்மேல் ஓட்டுத் தையலால் பொருத்துவர். அதன்பின் பூவுக்கும் பூவுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தைச் சங்கிலிக் கண்ணிகளால் வலையாக நிரப்புவர். குளோனிஸ் ஊரார் இவ்வலையில் இட்ட சிறு உருண்டை முடிச்சு இன்றும் அவ்வூர்ப் பெயராலேயே அறியப்படுகிறது. வலை முற்றியதும் ஓட்டுத் தையலை வெட்டி வரைபடத்தை அகற்றினால், தாங்கும் துணி ஏதுமின்றிச் சட்டை தானே நிற்கும்.

ஒருத்தி ரோசாவே பின்னுவாள். மற்றொருத்தி இலை மட்டும் பின்னுவாள். கைதேர்ந்த வேறொருத்தி அனைத்தையும் இணைப்பாள். ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஓர் உருவத்தை வைத்திருந்தது என்றும், அயலார் வந்தால் அதை மறைத்து வைத்தது என்றும் சொல்லப்படுவதுண்டு. அதில் வியப்பில்லை. நிலமும் கிழங்கும் கைவிட்ட வீட்டில் அவ்வுருவமே சொத்தாக இருந்தது. அதனால் வாடகை கட்டினர். அதனால் அமெரிக்கக் கப்பலுக்குக் கட்டணம் செலுத்திய குடும்பங்களும் உண்டு.

புகழும் கூலியும்

தொழில் வளர்ந்தபோது அதன் குறையும் உடன் வளர்ந்தது. தரகர்கள் மலிவை நாடினர், பழைய மாதிரிகளே திரும்பத் திரும்பப் பின்னப்பட்டன, தரம் தாழ்ந்தது. 1883இல் கார்க் நகரில் நடந்த கண்காட்சியில் இக்குறை வெளிப்பட்டது. அதன்பின் ஆலன் கோல் என்னும் அறிஞர் புதிய வரைபடங்களைப் புகுத்தி, தரத்தை உயர்த்தப் பெரிதும் உழைத்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் செல்வ மகளிர் ஐரிஷ் குரோஷா மேலங்கிகளையும் குறுஞ்சட்டைகளையும் விரும்பி அணிந்தனர். அவ்வாடைகளிற் சில இன்றும் அருங்காட்சியகங்களில் காக்கப்படுகின்றன. அணிந்தவர் பெயரும் விற்ற கடையின் பெயரும் சிலவற்றுக்குத் தெரியும். ரோசாவைப் பின்னியவள் பெயர் பெரும்பாலும் எங்குமே இல்லை.

பொறியும் போட்டிக்கு வந்தது. சுவிட்சர்லாந்தின் பூத்தையல் பொறிகள், இரசாயனத்தில் கரைந்துவிடும் துணியின்மேல் நூலால் தைத்து, பின்னர் அத்துணியைக் கரைத்துவிட்டு, ஐரிஷ் குரோஷாவின் சாயலைப் படைத்தன. 1914இல் மூண்ட உலகப் போரும், மாறிய நாகரிகமும் பழைய சந்தையைச் சிதைத்தன. ஆயினும் ஒன்று குறிப்பிடத்தக்கது. பொறி படைத்தது சாயலையே. கொக்கியால் ஒவ்வொரு கண்ணியையும் எல்லாத் திசையிலும் இழுத்து முடிக்கும் அவ்வேலையைக் கையைப் போலச் செய்யும் பொறி இன்றளவும் வணிகத்துக்கு வரவில்லை. ஆகவே உண்மையான குரோஷா ஆடை எதுவாயினும், எந்த நாட்டில் விற்கப்படினும், அதன் பின்னே ஒரு மனிதக் கை இருக்கிறது.

நம் நாட்டு நரசாப்பூர்

அக்கை நம் அண்டை மாநிலத்திலும் உண்டு. ஆந்திராவின் மேற்குக் கோதாவரி மாவட்டத்து நரசாப்பூர்ப் பகுதிக்கு 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிமார் லேஸ் வேலையைக் கொண்டுவந்தனர். பின்னர் அது கோதாவரிக் கரையூர்களின் வீட்டுத் தொழிலாகப் பரவி, மேனாட்டுச் சந்தைக்குப் பண்டம் அனுப்பியது. ஜெர்மானிய அறிஞர் மரியா மீஸ் அங்குச் சென்று ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது யாது? வீட்டை விட்டு வெளிவராத பெண்கள் நாள்தோறும் பல மணி நேரம் பின்னினர். கிடைத்த கூலியோ சட்டம் விதித்த கூலியை எட்டவில்லை. அவர்களைத் தொழிலாளர் என எவரும் எண்ணவில்லை. ஓய்வு நேரத்தைக் கழிக்கும் இல்லத்தரசியர் என்றே கருதினர். ஓய்வு என்னும் அப்பெயரே கூலியைக் குறைக்கும் கருவியாயிற்று. 2024இல் நரசாப்பூர்க் குரோஷாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயர் சட்டத்தில் ஏறியது நல்லதே. பின்னுபவளின் கூலியும் உடன் ஏறினால்தான் அப்பெருமை நிறைவுறும்.

இது பிறர் கதை என்று நாம் ஒதுங்க இயலாது. பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் நம் பெண்டிரையும், மேலப்பாளையத்தில் முறம் நிறையப் பீடி சுற்றியிருக்கும் நம் பெண்டிரையும் அறிந்தவர்கள் நாம். திண்ணையிலும் முற்றத்திலும் அமர்ந்து செய்வதால் அவ்வுழைப்பு உழைப்பாகக் கண்ணுக்குப் படுவதில்லை. வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கிறாள் என்று மகிழும் நாம், எத்தனை மணி நேரத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கிறாள் என்று கேட்பது அரிது.

அயர்லாந்தின் பஞ்சம் ஒரு கைத்தொழிலின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டியது. கொக்கி குடும்பங்களைக் காத்தது. ஆனால், கூலியை முடிவு செய்யும் உரிமை பின்னியவர் கைக்கு வரவில்லை. ஆகவே நம் மகளிர் இதுபோன்ற தொழிலைக் கற்கும்போது கண்ணியின் கணக்கோடு நேரத்தின் கணக்கையும் கற்க வேண்டும். நூலின் விலை இவ்வளவு, செலவான நாள் இத்தனை, ஒரு நாளைக்குரிய கூலி இவ்வளவு என எழுதி வைத்துப் பின்னரே விலை பேச வேண்டும். வாங்குவோராகிய நமக்கும் கடமை உண்டு. கையால் பின்னிய சட்டையோ தொப்பியோ வாங்குமிடத்து, விலையைக் குறைக்க வாய் திறக்குமுன் அதன் கண்ணிகளை ஒரு வரிசையேனும் எண்ணிப் பார்ப்போமாக.