விதியின் மறைவில் உரிமை மறுப்பு: அமெரிக்க செனட்டும் கறுப்பின மக்களின் வாக்குரிமையும்

2022 ஜனவரி 19 அன்று, கறுப்பின விடுதலைப் போராளி ஜான் லூயிஸின் பெயரைத் தாங்கிய வாக்குரிமை மசோதா அமெரிக்க செனட்டில் தோற்றது. பிரதிநிதிகள் அவை ஆறு நாட்களுக்கு முன்பே அதை 220–203 என்ற கணக்கில் நிறைவேற்றியிருந்தது. செனட்டில் இரு தரப்புக்கும் தலா 50 இடங்கள் இருந்தன. வாக்குகள் சமமானால் துணைக் குடியரசுத் தலைவர் கமலா ஹாரிஸின் வாக்கு ஜனநாயகக் கட்சிக்குக் கிடைக்கும். அக்கட்சியின் 50 பேரும் மசோதாவை ஆதரித்தனர். பின் ஏன் தோற்றது? விடை செனட்டின் விதியொன்றில் உள்ளது.

ஃபிலிபஸ்டர் என்பது என்ன?

செனட்டில் மசோதாவை நிறைவேற்றச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் வாக்கெடுப்புக்கு முன் விவாதம் முடிய வேண்டும். விவாதத்துக்கோ கால வரம்பில்லை. இதைப் பயன்படுத்தி மசோதாவை முடக்குவதே ஃபிலிபஸ்டர். விவாதத்தை முடித்துவைக்க 1917ஆம் ஆண்டின் விதி மூன்றில் இரு பங்கு ஆதரவைக் கோரியது. 1975இல் அது ஐந்தில் மூன்று பங்காக, அதாவது 60 வாக்குகளாகக் குறைக்கப்பட்டது. இன்று தடுப்பவர் மணிக்கணக்கில் பேச வேண்டியதுகூட இல்லை. எதிர்த்தரப்பிடம் 60 வாக்குகள் இல்லாவிட்டால் மசோதா அங்கேயே நின்றுவிடும்.

3.9 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும், ஆறு லட்சத்துக்கும் குறைவானோர் வாழும் வயோமிங்குக்கும் செனட்டில் தலா இரண்டே இடங்கள் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வரலாறு சொல்வது

கறுப்பின மக்களைக் கும்பலாகக் கூடிக் கொல்வதைக் கூட்டரசுக் குற்றமாக்கும் டயர் மசோதா 1922இல் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது. செனட்டில் தென்மாநில ஜனநாயகக் கட்சியினர் ஃபிலிபஸ்டர் மூலம் அதை முடக்கினர். அத்தகைய சட்டம் எம்மெட் டில்லின் பெயரால் நடைமுறைக்கு வந்தது 2022 மார்ச்சில்தான். இடையில் நூறு ஆண்டுகள் கடந்தன.

1957இல் சிவில் உரிமைகள் மசோதாவை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடங்கள் பேசினார். 1964இல் தடுப்பு 60 வேலை நாட்கள் நீடித்தது. ஜூன் 10 அன்று 71–29 என்ற வாக்குகளில் அது முறியடிக்கப்பட்டது. மூளைக் கட்டியால் பேச்சிழந்திருந்த செனட்டர் கிளேர் எங்கிள் சக்கர நாற்காலியில் அவைக்கு வந்து, தம் கண்ணைச் சுட்டிக்காட்டி ஆதரவு வாக்கைத் தெரிவித்தார்.

அன்று தடுத்தவர்களும் தங்களைக் கொள்கையாளர்கள் என்றே அழைத்துக்கொண்டனர். மாநில உரிமை, அரசமைப்பு, அவை மரபு ஆகியவை அவர்களின் சொற்கள்.

எவருக்காக விலக்கு?

வாக்களிப்பில் பாகுபாடு காட்டிய வரலாறுடைய மாநிலங்கள், தேர்தல் விதிகளை மாற்றுமுன் கூட்டரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற ஏற்பாட்டை 2013இல் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. அதை மீட்பது 2022 மசோதாவின் நோக்கங்களில் ஒன்று. குடியரசுக் கட்சியினர் ஒன்றுபட்டு எதிர்த்ததால் 60 வாக்குகள் கிடைக்கவில்லை. இந்த மசோதாவுக்கு மட்டும் விதியைத் தளர்த்தும் முயற்சியும் 48–52 எனத் தோற்றது. ஜனநாயகக் கட்சியின் ஜோ மேன்ச்சினும் கிர்ஸ்டன் சினிமாவும் எதிர்த்து வாக்களித்தனர். மசோதாவை ஏற்பதாகவும், ஆனால் விதியைத் தகர்த்தால் நாட்டின் பிளவு ஆழமாகும் என்றும் சினிமா வாதிட்டார்.

அவரது நம்பிக்கை உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அந்த விதி மாற்ற முடியாத ஒன்றன்று. 2013இல் உச்ச நீதிமன்றம் நீங்கலான நியமனங்களுக்கும், 2017இல் உச்ச நீதிமன்ற நியமனங்களுக்கும் 60 வாக்குத் தடை அகற்றப்பட்டது. 2021 டிசம்பரில் அரசின் கடன் வரம்பை உயர்த்த ஒருமுறை விலக்களிக்கப்பட்டது. கடனுக்கு வளைந்த விதி வாக்குரிமைக்கு ஏன் வளையக்கூடாது என்று ஜார்ஜியாவின் முதல் கறுப்பின செனட்டர் ரஃபேல் வார்னாக் அவையிலேயே வாதிட்டார்.

1964இல் தடுத்தவர்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சியினர். 2022இல் குடியரசுக் கட்சியினர். கட்சிகள் இடம் மாறின. காத்திருக்கச் சொல்லப்பட்ட மக்கள் மாறவில்லை. ஆகவே நடைமுறை விதியொன்றைப் புனிதமானதென்று எவரேனும் கூறும்போது, அது இதுவரை எவருக்காகத் தளர்த்தப்பட்டது, எவருக்கு மறுக்கப்பட்டது என்ற கணக்கை நாம் முதலில் கேட்க வேண்டும்.