சூளும் கரணமும்

பண்டைத் தமிழர் காதல் ஒழுக்கத்தைக் களவு, கற்பு என இரண்டாக வகுத்தனர். களவில் சடங்கு இல்லை; சான்றினரும் இல்லை. தலைவன் உரைத்த சூள் ஒன்றே தலைவிக்குப் பற்றுக்கோடு. அச்சூள் பொய்த்தால் அவள் என் செய்வாள்? குறுந்தொகை 25ஆம் பாட்டில் கபிலர் காட்டும் தலைவியின் அச்சம் இதுவே. அவன் அவளை மணந்த நாளில் அருகிருந்தது மீன் தேடி நின்ற நாரை ஒன்றே. நாரை சான்று கூற வருமோ?

அந்த அச்சம் வீண் அன்று. கள்ளூரில் நிகழ்ந்த வழக்கொன்றை அகநானூறு 256ஆம் பாட்டு குறிக்கின்றது. ஒரு பெண்ணின் நலன் நுகர்ந்த ஒருவன், அவளை அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தான். அவையத்தார் அறிந்தோரை வினவி உண்மை கண்டனர். அவனை மரக்கிளையிற் பிணித்துத் தலையில் நீறு பெய்தனர்.

இத்தகைய பொய்ம்மை தலைகாட்டிய பின்னரே சான்றோர் திருமணச் சடங்காகிய கரணத்தை வகுத்தனர் என்று தொல்காப்பியக் கற்பியல் கூறுகின்றது. எனவே கரணம் காதலுக்கு அணி அன்று, காவலே ஆகும்.

ஆயினும் அவை பொய்யனை ஒறுக்கலாம். அவன் நெஞ்சில் வாய்மையை விதைத்தல் அதற்கு இயலுமோ? ‘யான் சூளுரைப்பது இவளை அடைதற்கோ, இவளோடு வாழ்தற்கோ?’ என்று தன் நெஞ்சைத் தானே வினவுதல் காதலிப்பார் கடன். நாரையும் இல்லாத இடத்தில் சான்றாக நிற்பது அந்நெஞ்சு ஒன்றே அன்றோ!