அயோடைடுக்கு முன் ஓர் ஊசி

வருமுன் காப்பதையே குறிக்கும் தடுப்பூசி என்னும் தமிழ்ச் சொல், நோய் வந்தபின் அதைத் தீர்ப்பதற்காகவும் அவ்வூசி இடப்பட்ட ஒரு காலத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பணியாற்றிய ஆல்ம்ராத் ரைட், கொல்லப்பட்ட நுண்ணுயிரிகளை நோயாளிக்கே செலுத்தினால் அவருடைய எதிர்ப்பாற்றல் தூண்டப்பட்டுப் பிணி நீங்கும் என்று வாதிட்டார். பாக்டீரியா நோய்களில் அக்கருத்து செல்வாக்கிழந்த பின்னரும், பூஞ்சை நோய்களில் அது வேறொரு நோக்கத்துடன், ஒரு மருந்தின் துணையாக நிலைத்தது.

அந்நோய்களுள் ஒன்று பிளாஸ்டோமைகோசிஸ். மிசிசிப்பி, ஒஹையோ ஆற்றுப் படுகைகளிலும் வட அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றியும் ஈர மண்ணிலும் மட்கும் மரத்திலும் வாழும் பூஞ்சையின் வித்துகள் மூச்சுக்காற்றுடன் நுரையீரலுக்குள் சென்று, அங்கிருந்து தோலுக்கும் எலும்புக்கும் பரவுவதால் இது உண்டாகிறது. பால்டிமோரில் தாமஸ் காஸ்பர் கில்கிறிஸ்ட் 1894இல் இதனை விவரித்தார். 1898இல் ஸ்டோக்ஸ் என்பவருடன் சேர்ந்து பூஞ்சையை வளர்த்தெடுத்துப் பெயரும் இட்டார். அக்கால மருத்துவர்களின் கையிலிருந்த முதன்மையான மருந்து பொட்டாசியம் அயோடைடு என்னும் உப்பு. அதன் செறிந்த கரைசல் சொட்டுக் கணக்கில் குடிக்கத் தரப்பட்டது. சிலரை அது தேற்றியது. வேறு சிலருக்கோ மருந்து தொடங்கியபின் நோய் முன்னிலும் வேகமாகப் பரவியது.

இம்முரண்பாட்டுக்கு விடை தேடியவர்கள் வட கரோலினாவின் டர்ஹம் நகரிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தின் டொனால்டு மார்ட்டினும் டேவிட் ஸ்மித்தும் ஆவர். அவர்கள் 1939இல் வெளியிட்ட ஆய்வுரையின் மையம் ஒவ்வாமை, அதாவது பூஞ்சையின் பொருள்களுக்கு உடல் அளவுமீறிக் காட்டும் எதிர்வினை. வெப்பத்தால் கொல்லப்பட்ட பூஞ்சைச் செல்களைத் தோலினுள் சிறிதளவு செலுத்திப் பார்த்து, கடுமையாக எதிர்வினை காட்டுவோருக்கு உடனே அயோடைடு தருவது தீங்கு என்று அவர்கள் கருதினர். அத்தகையோருக்கு அதே தடுப்பூசியை மிகவும் நீர்த்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, உடலின் சீற்றம் தணிந்தபின்னரே மருந்தைத் தொடங்க வேண்டும் என்பது அவர்களின் முறை. ஊசியின் பணி எதிர்ப்பாற்றலைத் தூண்டுவது என்று ரைட் கொண்டிருக்க, இங்கே அதே ஊசி உடலை அமைதிப்படுத்தி மருந்துக்கு வழிவிடச் செய்வதற்காக இடப்பட்டது. ஒப்பீட்டுக் குழுவுடன் கூடிய சோதனையால் நிறுவப்படாதது இம்முறையின் குறையே. ஆயினும் மருந்து, கிருமி ஆகிய இரண்டோடு நோயாளியின் உடலையும் கணக்கில் சேர்த்த அவர்களின் பார்வை இன்றும் மதிக்கத்தக்கது.

1950களில் அம்முறைக்குத் தேவை இல்லாமற்போயிற்று. வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஆம்ஃபோடெரிசின் பி, பூஞ்சையின் செல்சவ்விலுள்ள எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்புப் பொருளைப் பற்றி அதனை நேரடியாகக் கொன்றது. கடுங்குளிர், காய்ச்சல், சிறுநீரகச் சிதைவு ஆகியவற்றை அது விளைவித்தபோதிலும், உயிர் காக்கும் மருந்து கிடைத்தபின் ஊசியை நினைப்பாரில்லை.

எதிர்ப்பாற்றலையும் மருந்தையும் இணைக்கும் எண்ணம் மீண்டும் மேலெழுந்தபோது, தணிப்பதற்கு மாறாக வலுவூட்டுவதே நோக்கமாயிற்று. கேண்டிடா பூஞ்சையின் வெப்ப அதிர்ச்சிப் புரதம் 90ஐப் பற்றிக்கொள்ளும் எஃபங்குமாப் என்னும் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட எதிர்ப்பொருள், கொழுப்புறையிலிட்ட ஆம்ஃபோடெரிசினுடன் சேர்த்துத் தரப்பட்டபோது 84 விழுக்காட்டினரும், மருந்து மட்டும் பெற்றவர்களில் 48 விழுக்காட்டினரும் முழுப் பயன் பெற்றதாக 2006இல் வெளியான ஆய்வு காட்டிற்று. எதிர்ப்பாற்றலை ஆயத்தமாக வெளியிலிருந்து கொடுப்பதால் இது தடுப்பூசி ஆகாது, அதன் உறவு முறை எனலாம். அதன் தரத்திலும் பாதுகாப்பிலும் ஐயங்கள் எழுந்ததால் ஐரோப்பிய மருந்து முகமை அதற்கு ஒப்புதல் தரவில்லை.

இவ்வகை இணைப்பு யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களின் உடல் தடுப்பூசிக்குச் செவிசாய்ப்பது குறைவு என்பதே இத்துறையின் பெருந்தடை. ஆயினும், எய்ட்ஸ் நோயாளிகளிடம் குறைந்துபோகும் சிடி4 வெள்ளணுக்கள் இல்லாத எலிகளுக்கு, வீரியம் குறைக்கப்பட்ட பிளாஸ்டோமைசிஸ் பூஞ்சையைத் தடுப்பூசியாக இட்டபோது, சிடி8 என்னும் மற்றொரு வகை வெள்ளணுக்கள் அவற்றின் காவல் பணியை ஏற்றுக்கொண்டதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளைன் குழுவினர் கண்டறிந்துள்ளனர்.