டாரிட் (ஆங்கிலச் சொல்)

டாரிட் என்பது மிகுந்த வெப்பத்தையும், அதன் வழியாக உணர்ச்சி, துன்பம், வேகம் ஆகியவற்றின் கடுமையையும் குறிக்கும் ஓர் ஆங்கிலப் பெயரடை ஆகும். இதன் முதல் அசை அழுத்தி ஒலிக்கப்படும். ஒரே தொடரில் இச்சொல் பாராட்டாகவும் துன்பமாகவும் பொருள்படக்கூடும் என்பதால், இடமறிந்து பொருள் கொள்ளுதல் இன்றியமையாதது.

சொற்பிறப்பு

வறுத்தல், உலரச் செய்தல் என்னும் பொருளுடைய தொர்ரேரெ என்ற இலத்தீன் வினைச்சொல்லிலிருந்து இது தோன்றியது. வாட்டிய ரொட்டியைக் குறிக்கும் டோஸ்ட் என்ற சொல்லும் இதே வினையிலிருந்து வந்ததாகும். பெருவெள்ளத்தைக் குறிக்கும் டாரென்ட் என்ற சொல்லுக்கும் இதுவே மூலம். கொதித்துப் பொங்குவதுபோல் நீர் பாய்வதால் அப்பொருள் ஏற்பட்டது. தாகத்தைக் குறிக்கும் தர்ஸ்ட் என்ற சொல் இவற்றிற்குத் தொலைவான உறவுடையது.

புவியியலில்

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் (ஏறத்தாழ 23.5 பாகை வடக்கு, தெற்கு) இடைப்பட்ட பகுதி டாரிட் சோன் எனப்பட்டது. தமிழில் இது வெப்ப மண்டலம் எனப்படும். தமிழ்நாடும் இலங்கையும் முழுவதும் இம்மண்டலத்தினுள் அமைந்துள்ளன.

இம்மண்டலம் கடும் வெப்பத்தால் மனிதர் வாழத் தகுதியற்றது என்று கி.மு. 4 ஆம் நூற்றாண்டில் அரிசுட்டாட்டில் கருதினார். எசுப்பானியப் பாதிரியார் ஒசே தெ அகோசுட்டா, பெரு நாட்டிற்குச் செல்கையில் நிலநடுக்கோட்டைக் கடந்தபோது குளிரை உணர்ந்ததாகவும், அரிசுட்டாட்டிலின் கூற்றை எண்ணி நகைத்ததாகவும் 1590 இல் வெளியான தமது நூலில் குறிப்பிட்டுள்ளார். கருத்து பொய்த்த பின்னரும் பெயர் நிலைத்துவிட்டது. இக்காலப் புவியியலில் டிராப்பிக்கல் என்ற சொல்லே பெரும்பாலும் பயன்படுகிறது.

பொருள்கள்

* கடும் வெப்பமான: பாலைவனம், கோடைக்காலம் போன்றவற்றிற்கு அடையாக வரும். பெரும்பாலும் வறண்ட வெப்பத்தையே சுட்டும். மில்டனின் இழந்த சொர்க்கம் (1667) என்ற காப்பியத்தின் இறுதிப் பகுதியில் இச்சொல் இப்பொருளில் வருகிறது.
* உணர்ச்சி மிகுந்த: காதல், காமம் ஆகியவற்றின் தீவிரத்தைக் குறிக்கும். செய்தித்தாள்களில் சற்றே ஏளனத் தொனியுடன் வருவதுண்டு.
* துன்பம் நிறைந்த: பிரித்தானிய வழக்கில் டாரிட் டைம் என்றால் மிகவும் இக்கட்டான காலம். எடுத்துக்காட்டாக, வேகப்பந்து வீச்சாளர் மட்டையாளரைத் திணறடித்தால், மட்டையாளருக்கு டாரிட் டைம் என்பர்.
* மிகு வேகமான: வட அமெரிக்க வழக்கில் டாரிட் பேஸ் என்பது தொடர்ந்து வெற்றி குவிக்கும் விரைவைக் குறிக்கும்.

இறுதி இரண்டும் ஏறக்குறைய எதிரெதிரானவை. ஓர் அணியின் தொடக்கம் டாரிட் ஆக இருந்தது என அமெரிக்க நாளிதழ் எழுதினால், அவ்வணி வெற்றிகளைக் குவித்தது என்று பொருள். அதே அணிக்கு டாரிட் டைம் வாய்த்தது எனப் பிரித்தானிய நாளிதழ் எழுதினால், அது தடுமாறியது என்று பொருள். மொழிபெயர்ப்பாளர்கள் இதனைக் கவனிக்காவிடில் செய்தியே தலைகீழாகிவிடும்.

பயன்பாட்டுக் குறிப்புகள்

"மிகவும்" என்பதற்கு ஈடாக இதனை எல்லா இடங்களிலும் பயன்படுத்த இயலாது. கொதிநீர், சூடான உணவு ஆகியவற்றிற்கு இது அடையாக வருவதில்லை. அங்கு ஹாட் என்பதே பொருந்தும். டாரிட்லி என்பது இதன் வினையடை வடிவம் ஆகும்.

தமிழில் ஒப்புமை

வெப்பத்தைக் குறிக்கும் சொல் விருப்பத்தையும் குறிப்பது தமிழிலும் உண்டு. வெம்மை என்னும் சொல்லுக்கு விரும்புதல் என்ற பொருளைத் தொல்காப்பியத்தின் உரியியல் கூறுகிறது. டாரிட் என்பதற்கு ஒரே தமிழ்ச்சொல்லை எங்கும் வழங்க இயலாது. இடத்திற்கேற்பச் சுட்டெரிக்கும், தீவிரமான, இக்கட்டான, அதிவேகமான எனப் பெயர்ப்பதே பொருந்தும்.

இவற்றையும் பார்க்க

* வெப்ப மண்டலம்
* பெயரடை
* உரிச்சொல்